சைப்ரஸ் மேல எதுக்குய்யா சாவுப் பழி?

வாய்யா மாப்ளே, உக்காரு. வான் கோ வரைஞ்ச தோப்பைப் பத்திக் கூட்டத்துல பேசப் போறியாம்ல? எழுதுனதை வாசி, கேப்போம்.

“ஓரத்தில் கறுத்து நிற்கும் சைப்ரஸ் மரணத்தின் குறியீடு.” அடேங்கப்பா! கல்லறைத் தோட்டத்துல அந்த மரம் நிக்கும், வாஸ்தவம். ஆனா அந்தத் தோப்பு இருந்த பிரான்ஸ் நாட்டு ஆர்ல் பக்கத்துச் சம்சாரி அதைச் சாவை நெனைச்சா நட்டான்? அங்க வடக்கேருந்து மிஸ்ட்ரல்னு ஒரு பேய்க்காத்து அடிக்கும். பூ தங்கணுமேன்னு நெருக்கி நட்ட காத்துத் தடுப்புய்யா அது. நம்ம வாழைக்கு ஓரமா சவுக்கு வைக்கலையா? வான் கோவே படந்தாங்கியை முளையடிச்சுக் கட்டிட்டுத்தான் தூரிகையைத் தொட்டான்.

1888 பிப்ரவரியில அவன் ஆர்ல்ல வந்து எறங்குனப்ப ஊரெல்லாம் பனி. மார்ச் கடைசியில தோப்பு பூக்கவும், ஒரு மாசத்துக்குள்ள 14 படம்! அந்தப் படங்கள்ல தூரிகைத் தீற்றலைப் பாத்து ‘மனக் கொந்தளிப்பு’ங்கற. இருந்திருக்கும். பூ உதிர்றதுக்குள்ள முடிக்கணுங்கற அவசரமும் இருந்துச்சுல்ல?

அடுத்து? “வெளிறிய பீச் மலர்கள் துறவின் தூய்மை.” கெட்டுது போ! ஆம்ஸ்டர்டாம்ல இருக்கிற அந்தப் பீச் மரப் படம், வரைஞ்சப்ப நல்ல ரோஸ் நிறம். சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு மங்கிருச்சு. மங்கும்னு அவனுக்கும் தெரியும். அதான் காலம் தணிச்சுக்கிடட்டும்னு நிறத்தைத் தூக்கலாவே அப்புனான். சாயம் போனதுக்குப் போயி காவி கட்டி விடுறியே, உன்னைய என்ன செய்ய?

குறியீடே கிடையாதுன்னு நான் சொல்லலை. சாவைத் தேடுனேல்ல? இதே மரத்தை அவன் முதல்ல ஒருக்கா வரைஞ்சிருந்தான், அதுல தேடிப் பாரு. ஹேக் நகரத்துல அவனுக்கு வண்ணம் பழக்குன ஓவியர் அன்டோன் மாவ், சொந்தக்காரரும்கூட. அவர் செத்த சேதி தெரிஞ்சதும், ‘மாவ் நினைவாக’ன்னு அந்தப் படத்துமேலயே எழுதி அவர் பொஞ்சாதிக்கு அனுப்பி வச்சான். துக்கத்துக்கு அவன் எடுத்தது பூத்துக் குலுங்குற ரோஸ் மரம்! கறுத்த சைப்ரஸு பாட்டுக்குத் தோப்பைக் காவல் காத்துக்கிட்டு நிக்குது.

சரி சரி, மூஞ்சியைத் தூக்காத. சைப்ரஸ் வரியையும் துறவு வரியையும் மட்டும் அடிச்சிரு. மிச்சம் நீ சொல்றதையாச்சும் நம்புவாங்க.