கச்சான் காற்று ஓய்ந்த பிறகு

கே: கட்டாரில் வேலை. லீவு ஒக்டோபர் நடுவில்தான் கிடைத்தது. "அறுகம்பை சேர்ஃப் சீசன் முடிஞ்சிட்டு, இனி அங்க என்ன கிடக்கு?" என்று கூட்டாளிமார் சிரிக்கிறார்கள். போகவா, விடவா?
– டோஹாவிலிருந்து ஒரு கல்முனைக்குடியான்

ப: முடிந்தது சனம் தம்பி, அலை அல்ல. அந்த அலை அறுகம்பை உல்லையில் பிறப்பதில்லை. நமக்குக் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பூமியின் தென்பாதியில் மாரி. அந்தாட்டிக்காவுக்கு இந்தப் பக்கத்துக் கடலில் புயல் எழும்பி, அதன் அலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் உருண்டு வந்து அறுகம்பை முனையில் வளைகிறது. ஒக்டோபரில் அந்தப் புயல்கள் குறையும். ஆனால் அலை ஒரே நாளில் கடையைப் பூட்டிவிட்டுப் போகாது. கிழமையில் இரண்டு மூன்று நாள் நல்ல அலை வரும், மிச்ச நாள் குளம்.

காற்றுதான் இந்த மாதத்தின் விசேஷம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கில் ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவம். கச்சான் போய்விட்டது, வாடை இன்னும் வரவில்லை. பழைய குடியிருப்பாளர் சாமானைத் தூக்கிக்கொண்டு போய், புது ஆள் சாவி வாங்காத வீடு மாதிரி. காலையில் கடல் கண்ணாடியாகக் கிடக்கும். பின்னேரம் இடி முழங்கும். ஆகவே லீவு முழுவதையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். வீட்டில் இருந்துகொண்டு, அலை வரும் நாளைப் பார்த்து ஓடுங்கள். உம்மாவும் சந்தோஷப்படுவா.

கே: அலை நம்முடைய கடற்கரைப் பள்ளிக்கு முன்னாலும்தானே அடிக்கிறது? ஏன் பொத்துவில் வரைக்கும் பஸ்ஸில் இடிபட வேண்டும்?
– கல்முனை, சிக்கனக்காரர்

ப: நம்முடைய கரை அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேர்க்கரை. அலை வந்தால் முழு நீளத்துக்கும் ஒரேயடியாக விழும், கழன்ற கதவு மாதிரி. அதன்மேல் பலகை வைத்தால் பலகையும் நீங்களும் சேர்ந்து விழுவீர்கள். அறுகம்பையில் நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டுகிறது. அலை அந்த மூக்கில் ஒரு நுனியில் உடையத் தொடங்கி, பாய் சுருட்டுவது போல உட்பக்கம் நோக்கிச் சுருண்டுகொண்டே போகும். சுருளுக்கு ஓரடி முன்னால் ஓடுவதுதான் சேர்ஃபிங். கரைவலை இழுப்பதற்கு நம் கரை, பலகைக்கு அவர்கள் கரை. எல்லாக் கரையிலும் எல்லாம் நடக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் என்னாகும் என்று ஒலுவிலில் கேளுங்கள்.

கே: கேட்டுவிட்டேன். ஒலுவிலில் என்ன?
– அதே சிக்கனக்காரர், அடுத்த கடிதத்தில்

ப: 2013 இல் துறைமுகம் திறந்தார்கள். நம் கடலில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நடந்து போகிறது. குறுக்கே கல்லைப் போட்டதும் அது நின்றுவிட்டது. வடக்குப் பக்கத்தில் கடல் தென்னந்தோப்பைத் தின்றது. துறைமுக வாசலோ மணலால் அடைபட்டுப் படகுகள் வெளியே நின்றன. சேர்ஃப் பிடிக்கிறவர்களுக்கும் இது பாடம்தான். பல முனைகளில் அலையின் தளமே மணல். போன வருடம் தேனாக ஓடிய இடம் இந்த வருடம் ஓடாமல் போகலாம். மூன்று வருடத்துக்கு முந்திய வீடியோவைக் காட்டி ஆட்டோக்காரரிடம் "இங்க கொண்டு போங்க" என்று நிற்காதீர்கள். நேற்று எந்த முனை ஓடியது என்று அவரையே கேளுங்கள். அவருக்குத் தெரியும்.

கே: மெயின் பொயின்ட், பேபி பொயின்ட், விஸ்கி பொயின்ட், பீநட் ஃபார்ம்... எதற்குப் போவது? தலை சுற்றுகிறது.
– சாய்ந்தமருது, முதன்முறை போகிறவர்

ப: முதன்முறை என்றால் குடாவுக்குள் இருக்கும் பேபி பொயின்ட். பெயரைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். பேரப்பிள்ளை கண்டவர்களும் அங்கேதான் விழுந்து பழகுகிறார்கள். மெயின் பொயின்ட்டின் அடியில் கல்லும் முருகைப் பாறையும். 2019 செப்டெம்பரில் உலக சேர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்ததும் அறுகம்பையில்தான். மெயின் பொயின்ட்டில் "நானும் ஒருக்காப் பாப்பம்" என்று இறங்குகிறவர் மற்றவரின் பாதையில் விழுவார். அது கடலில் ஒரு குற்றம். சீசன் கடைசியில் கூட்டம் குறைவு என்பதற்காக அடியிலிருக்கும் கல் மெத்தையாகிவிடாது.

இரண்டு மூன்று நாளில் எழும்பி நிற்கப் பழகியவர்களுக்கு வடக்கே விஸ்கி பொயின்ட் சரி. மெயின் பொயின்ட் படுத்துக் கிடக்கும் நாளிலும் அங்கே ஏதாவது மிஞ்சும். (பெயருக்காகப் பயப்பட வேண்டாம், கடல் தண்ணீர்தான்.) இன்னும் வடக்கே பொத்துவில் பொயின்ட்: மணல் சரியாக இருந்தால் நீண்ட ஓட்டம், இல்லாவிட்டால் நீண்ட நடை. தெற்கே பாணமை வீதியில் பீநட் ஃபார்ம். நம் பாஷையில் கச்சான் தோட்டம். கச்சான் காற்று ஓய்ந்த பிறகு கச்சான் தோட்டத்தில் நிற்பது எனக்குப் பிடித்த வேலை. அலை வராவிட்டாலும் சிலேடை இருக்கிறது. அதற்கும் தெற்கே, உகந்தை முருகன் கோயிலும் குமண காட்டின் வாசலும் இருக்கிற பக்கத்தில் ஒரு முனை உண்டு. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் காட்டுக்குள் நுழைகிற இடம். பாணமைக்கு அப்பால் மழை விழுந்திருந்தால் அந்தப் பயணத்தை விடுங்கள்.

கே: "மூன்று அடி அலை" என்று ஃபோனில் காட்டுகிறது. போனால் ஒன்றுமில்லை. பொய்யா?
– அக்கரைப்பற்று

ப: பொய்யில்லை, பாதி உண்மை. அடியை மட்டும் பார்த்தீர்கள். பக்கத்தில் வினாடி என்று ஒரு எண் இருந்திருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி பன்னிரண்டு, பதினாலு வினாடி என்றால் அது தூரத்திலிருந்து வந்த கனத்த அலை. ஆறு ஏழு என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய சலசலப்பு. அலை தெற்கிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். ஒக்டோபர் கடைசியில் வடகிழக்கு என்று காட்டத் தொடங்கினால் பலகையைக் கழுவி வையுங்கள். அதன்பிறகு முறை வெலிகமைக்கும் ஹிக்கடுவைக்கும்.

கே: இங்கே மலையில் ஏப்ரல் வரை பனிச்சறுக்கு. கடைசி நாட்களில் எந்தச் சரிவில் இறங்குவது என்று இவர்களும் மண்டையை உடைக்கிறார்கள். உங்கள் கடல் ஞானம் இதற்கு உதவுமா?
– சுவிஸில் குடியேறிய கிழக்கு மாகாணத்தார்

ப: உதவும், தலைகீழாகப் பிடித்தால். வசந்தத்தில் இரவு உறைந்த பனி விடியற்காலையில் மாபிள் தரை. வெயில் பட்டு மேல்பரப்பு சவ்வரிசி போல மணிமணியாக இளகும்போது சறுக்கச் சுகம். பிற்பகலில் அதுவே நோன்புக் கஞ்சி. ஆகவே முதலில் கிழக்கு பார்த்த சரிவு, பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு என்று வெயிலின் பின்னால் போவார்கள். கஞ்சியானதும் இறங்கிவிடுவார்கள், ஏனெனில் ஈரப்பனி சரிந்து வரும். நீலம், சிவப்பு, கறுப்பு என்று அங்கே பலகை நட்டுக் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் கடலில் அப்படி நிறமில்லை. கல் காலைக் கிழித்த பிறகுதான் கறுப்பென்று தெரியும். நேரத்திலும் எதிர்மாறு: உங்கள் மலையில் சுபஹுக்குப் பிறகு பொறுத்திருக்க வேண்டும், எங்கள் கடலில் சுபஹுக்குப் பிறகு பொறுத்திருக்கக் கூடாது. வெயில் ஏறினால் கடற்காற்று எழும்பிக் கண்ணாடியை உடைத்துவிடும்.

கே: மகளுக்குப் பத்தொன்பது வயது. சேர்ஃபிங் பழக ஆசைப்படுகிறாள். ஊர் என்ன சொல்லும்?
– நிந்தவூர், ஒரு உம்மா

ப: ஊர் சொல்லும் ராத்தா. சமையலுக்கும் சொல்லும், சீதனத்துக்கும் சொல்லும். அறுகம்பையில் 2018 இல் பெண்களே சேர்ந்து ஒரு சேர்ஃப் கழகம் தொடங்கினார்கள். இலங்கையில் முழுக்கப் பெண்களுக்கென்று தொடங்கிய முதலாவது கழகம் அது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் நீச்சல் உடுப்பு இப்போது கிடைக்கிறது, வெயிலுக்கும் அதுதான் நல்லது. சீசன் கடைசியில் கரையில் கண்களும் குறைவு. பழகுவதற்கு ஒக்டோபர் முதல் கிழமையைவிட நல்ல நேரம் எனக்குத் தெரியவில்லை.

கே: மழை பெய்த அடுத்த நாள் இறங்கலாமா?
– திருக்கோவில்

ப: வேண்டாம். இதில் பகிடி இல்லை. முதல் மழைக்குக் களப்பு நிறைந்து முகத்துவாரம் உடையும், அல்லது வெட்டிவிடுவார்கள். கலங்கல் தண்ணீர் கடலுக்கு ஓடும் இடத்தில் இழுவை பலமாக இருக்கும். களப்பில் முதலையும் உண்டு. 2017 செப்டெம்பரில், மழை தொடங்குவதற்கு முன்பே, அறுகம்பையை அடுத்த யானைப் பாறைப் பக்கத்து நீர்நிலை ஓரத்தில் ஒரு பிரித்தானிய இளம் பத்திரிகையாளரை முதலை கொண்டுபோனது. கடலில் இழுவையில் அகப்பட்டால் கரையைப் பார்த்து நேரே நீந்தாமல், கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். இடி கேட்டால் பலகையோடு கரைக்கு வந்துவிடுங்கள்.

கே: 2024 சீசன் ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது? காற்றா, மணலா?
– பொத்துவில், அறை வாடகைக்கு விடுகிறவர்

ப: ஒரு எச்சரிக்கை அறிவித்தல். ஒக்டோபர் 23 இல் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைப் பக்கம் போக வேண்டாமென்று தன் நாட்டவருக்கு அறிவித்தது. எந்த அலை முன்னறிவிப்பிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

கே: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் பலகையில் நின்றதுண்டா?
– மருதமுனை, பெயர் வேண்டாம்

ப: உண்டு. ஐந்து நிமிடம். அதில் நாலே முக்கால் நிமிடம் பலகை மணலில் இருந்தது. பழக்குகிற பொடியன் தண்ணீருக்குள் விட மறுத்துவிட்டான்.