உச்சி இலைக்கு ஊட்டப் போறாங்களாம்

வா பேராண்டி, இப்படி உக்காரு. செல்லைக் கொஞ்சம் கீழ வையி. என்ன சொன்ன? பயிருக்கு வெளிச்சம் பத்தலையாமா? மண்டை பொளக்குற வெயில்ல வந்து நின்னுக்கிட்டு இதச் சொல்லுதியே, உனக்கே சிரிப்பு வரலையாலே?

சரி, படிச்சவங்க கணக்கத்தான் பாப்போம். செடி திங்குத வெளிச்சம் 400 நானோமீட்டர்ல இருந்து 700 வரைக்குந்தான். நம்ம கண்ணுக்குத் தெரியுததும் ஏறக்குறைய அம்புட்டுத்தான். சூரியன் அனுப்புததுல பாதிக்குப் பக்கம் அதுக்கு வெளிய போயிருது. ஐயோ வீணாப் போகுதேன்னு படிச்சவங்களுக்கு ஒரே அங்கலாய்ப்பு. செடி வந்து பிராது கொடுத்துச்சா? அத யாரும் விசாரிக்கல.

அப்படி வெளிய போறதுல கொஞ்சத்தத் திங்குத ஒண்ணு சிக்குன கதையக் கேளு. ஆஸ்திரேலியாவோட மேற்குக் கரையில ஷார்க் பேன்னு ஒரு எடம். அங்க ஒரு மூலையில கடலைப்போல ரெண்டு மடங்கு கரிக்குத தண்ணி. அதுக்குள்ள நுண்ணுயிருங்க அடுக்கடுக்கா மண்டித் தானே கட்டிக்கிட்ட பாறைத் திட்டுங்க கெடக்கு. சிட்னி பல்கலைக்கழகத்து மின் சென் அம்மா அதுல கொஞ்சம் எடுத்துட்டுப் போயி வளத்தாங்க. தேடுனது ஒண்ணு, சிக்குனது வேற. அறுபது வருஷத்துக்கு மேல யாரு கையிலயும் அகப்படாத புதுப் பச்சையம்! 2010ல ஊரெல்லாம் அதே பேச்சு. பேராவது வாய்க்கு ருசியா வச்சாங்களா? ‘எஃப்’பாம். ஒத்தை எழுத்து. அது 706 பக்கத்துலதான் நல்லா இழுத்துப் பிடிக்கும், கண்ணுக்குச் சரியாத் தெரியாத கடைசிச் சிவப்ப.

அடுத்த வருஷமே கணக்குப் போட்டுட்டாங்க. 750 வரைக்கும் நீட்டுனா வெளிச்சத் துணுக்கு நூத்துக்கு 19 கூடுதலாக் கெடைக்குமாம். கூடட்டும். திங்கப் போறது யாரு? உச்சி வெயில்ல மேல் இலை இப்பமே கெடைக்குததுல பாதியச் செரிக்க மாட்டாம, சூடாக்கி வெளிய தள்ளிக்கிட்டு நிக்கி. பந்தியில மூக்குமுட்டத் தின்னுட்டு ஏப்பம் விடுதவன் வாயைக் கிழிச்சு அகலமாக்குவாங்களாலே?

பசி கீழ் இலைக்கு. மேல உள்ளது செவப்பையும் நீலத்தையும் வழிச்சு நக்கிட்டு, அந்தக் கடைசிச் சிவப்ப மட்டும் கீழ விட்டுருது. பச்சை வெளிச்சத்த மொத்தமாத் திருப்பி அனுப்பிரும்னு உன் பாடப் புத்தகத்துல இருக்கும். நம்பாத, அதுலயும் பெரும்பங்க முழுங்கிரும்.

இப்ப அந்த நுண்ணுயிரு பண்ணுத காரியத்தப் பாரு. மேல வேற அடுக்கு மறைச்சு நெழலானாத்தான் எஃப் செய்யும். நல்ல வெளிச்சம் வந்தா பழைய சாமானுக்கே திரும்பிரும். நெழல்ல கூட எல்லாத்தையும் மாத்துததில்ல. பத்துப் பச்சையத்துல ஒண்ணுதான் புதுசு, மிச்சம் அதே பழைய ‘ஏ’ பச்சையம். இதே மாதிரி எஃப் செய்யுத நுண்ணுயிர லண்டன் இம்பீரியல் காலேஜு ஆளுங்க 2018ல ஒடச்சுப் பாத்தாங்க. 700க்கு அந்தாண்ட வெளிச்சத்துக்குத் தண்ணியப் பிளக்கத் தெம்பு பத்தாதுன்னுதான் ரொம்ப நாளாப் பெரிய தலைங்க நம்பிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பொடிப்பய அதையும் பொளந்து காட்டிட்டான். கோட்டு இல்ல, பட்டம் இல்ல.

2016லயே அந்த எஃப்பச் செய்யுத மரபணுவையும் கண்டுபிடிச்சாச்சு. ஒத்தை மரபணு போதுமாம். இனி நெல்லுல, கோதுமையில ஏத்தணும்னு கைய முறுக்குதாங்க. ஏத்தட்டும், நான் மறிக்கல. கீழ் இலையில மட்டும் வேலை செய்யுத மாதிரி ஏத்துவாங்களா, இல்ல உச்சி இலைக்கும் சேத்து ஊட்டுவாங்களா?

இன்னொண்ணு. பக்கத்துல எவனோ நெழல் கட்டுதான்னு செடிக்குத் தாக்கல் சொல்லுததே அந்தக் கடைசிச் சிவப்புதான். அது கூடுனா, செடி சட்டுனு தண்டை நீட்டி ஓடும். அதையும் குடிச்சுத் தீத்துட்டா, தாக்கல் யாரு சொல்லுவா? உங்க வாத்தியார்ட்ட கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு.