வாங்கின விலை வந்தா வித்துடலாம்

பங்கு வாங்கக் காரணம் சொல்ல ஊரே இருக்கிறது: மச்சினன், டிவி, எதிர்வீட்டு வங்கி ஊழியர். எப்போது விற்பது என்று கேட்டால்தான் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். நண்பர் ஒருவர் அதற்கும் சொந்தமாக விதி வைத்திருக்கிறார்: "வாங்கின விலை வந்தா வித்துடுவேன்." அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பது சந்தைக்குத் தெரியாது. வீட்டம்மாவுக்கும் தெரியாது.

பங்கு 100-லிருந்து 112 ஆனால் அவருக்குக் கை துறுதுறுக்கும். உடனே 'புக்' பண்ணிவிட்டு அரைக்கிலோ மைசூர்பாகுடன் வருவார். 60 ஆகிவிட்டால் அதே பங்கு 'லாங் டேர்ம்' ஆகிவிடும்.

இது அவருக்கு மட்டும் வந்த வியாதியில்லை. 1985-லேயே ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதற்குப் பெயர் சூட்டிவிட்டார்கள். 1998-ல் டெரன்ஸ் ஓடீன் 10,000 புரோக்கர் கணக்குகளைக் குடைந்து பார்த்தார். லாபத்தில் இருந்ததை ஆசாமிகள் சட்டென்று விற்றிருந்தார்கள், நஷ்டத்தில் இருந்ததைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். விற்றதுதான் அடுத்த ஓராண்டில், வைத்திருந்ததைவிட நன்றாக ஏறியது. டிசம்பரில் மட்டும் நஷ்டத்தை அதிகம் விற்றார்கள். அங்கே வரிக்கணக்கு முடிக்கிற மாதமல்லவா!

நம் நாட்டில் இதற்கு யெஸ் பேங்க்கை மிஞ்சிய பாடம் கிடையாது. 2018 ஆகஸ்டில் பங்கு 400 ரூபாயைத் தாண்டியது. அடுத்த மாதமே, தலைமைச் செயல் அதிகாரி ராணா கபூரின் பதவிக்காலம் 2019 ஜனவரியோடு சரி என்றது ரிசர்வ் வங்கி. ஒரே நாளில் பங்கு கால்வாசிக்கு மேல் சரிந்தது. விற்க இதைவிட வேறென்ன சகுனம் வேண்டும்? ஜனங்களோ 'ஆவரேஜ்' பண்ணினார்கள். 200-ல் வாங்கினார்கள், 100-ல் வாங்கினார்கள், 50-லும் வாங்கினார்கள். 2020 மார்ச் 5 அன்று, கணக்கிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. மறுநாள் பங்கு 5.55 வரை போய்த் திரும்பியது.

பிறகு நடந்ததுதான் கூத்து. மறுசீரமைப்புத் திட்டப்படி, 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் முக்கால்வாசிப் பங்கு மூன்று வருடம் பூட்டப்பட்டது. அதே மாதம் விலை 50 ரூபாயைத் தாண்டியபோது, 100 பங்குக்காரர் முழுவதையும் விற்கலாம், 101 பங்குக்காரர் கால்வாசியை மட்டும்தான். 2023 மார்ச்சில் பூட்டு திறந்தபோது விலை 20-க்கும் கீழே.

நண்பரிடம் இருப்பது வேறு ஏதோ பங்கு, அதுவும் அடிமாட்டு விலைக்கு வந்துவிட்டது. விற்று நஷ்டத்தைக் கணக்கில் காட்டினால் எட்டு ஆண்டு வரை எடுத்துச் சென்று பின்னால் வரும் பங்கு லாபத்தில் கழிக்கலாம், நீண்டகால நஷ்டமென்றால் நீண்டகால லாபத்தில் மட்டும் என்று ஆடிட்டர் பொறுமையாக விளக்கினார். நண்பர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மொபைலை நீட்டி, "இந்த விலையில இன்னும் ஐந்நூறு போட்டா ஆவரேஜ் எவ்வளவு வரும், சார்?" என்றார்.