கூடம் கோணல்தான்: மின்கிதார் கட்டுவோர் குறித்து ஒரு கருதுகோள்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்னும் பழமொழியை இதுவரை எல்லோரும் ஆடுபவள் பக்கம் நின்றே படித்துவந்திருக்கிறார்கள். கூடம் மெய்யாகவே கோணலா என்று நூல் பிடித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆட்டம் கைவந்தவளுக்குக் கூடம் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். மூலைகள் மட்டத்துக்கு நிற்கின்றனவா என்ற கவலை ஆடத் தெரியாதவளுக்கே வரும். ஆகவே உலகத்துக் கூடங்களைக் கட்டியவர்கள் அனைவரும் ஆடத் தெரியாதவர்கள் என்று கொள்வதில் தருக்கப் பிழை இல்லை, இருந்தாலும் சிறியதுதான். இக்கட்டுரை அக்கொள்கையை மின்கிதாருக்குப் பொருத்திப் பார்க்கிறது. பொழுதுபோக்காக மின்கிதார் கட்டும் ஒரு மனித வகை உலகெங்கும் உண்டு. மரத்தை அறுத்து, குழி குடைந்து, செம்புக் கம்பி சுற்றி, சால்டர் வைத்து, லேக்கர் அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடியும் லேக்கர் அடித்து வாழ்பவர்கள் அவர்கள். அவர்களில் கணிசமானோருக்கு ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வராது. இதை வீட்டார் குறையாகச் சொல்கிறார்கள். குறையன்று, அதுவே முதல் தகுதி என்பது இங்கே நிறுவப்படும்.

தலையாய சான்று கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரிலிருந்து கிடைக்கிறது. லியோ ஃபெண்டர் கணக்குப்பதிவு படித்தவர். 1938இல் அவ்வூரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர். சிறுவயதில் பியானோவும் பிறகு சாக்ஸபோனும் பழகினார். கிதார் பழகவில்லை. அவர் பெயரிலான நிறுவனத்திலிருந்து 1951இல் டெலிகாஸ்டர் என்ற பெயரிலும் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற பெயரிலும் மின்கிதார்கள் வெளிவந்து உலகை ஆட்டிவைத்த பிறகும் அவர் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. மரபுவழிக் கிதார் செய்பவர் கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டுவார்; கருவி ஒரே உயிர் என்பது அவர் எண்ணம். ரேடியோ பழுதுபார்ப்பவருக்கோ எந்தப் பொருளும் திறந்து பார்க்க வேண்டிய பொருள்தான். ஃபெண்டர் கழுத்தை நான்கு திருகாணிகளால் முடுக்கினார். கழுத்து கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். இந்த நான்கு திருகாணிகள் இல்லையேல் இன்றைய பொழுதுபோக்கே இல்லை. கழுத்து உட்காரும் குழியின் அளவு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டதால்தான் ஓரிடத்தில் உடலும் வேறோரிடத்தில் கழுத்தும் வாங்கி மூன்றாமிடத்தில் சேர்க்க முடிகிறது. அவர் வாசிப்பவர்களிடம் கருத்துக் கேட்டாரே என்று தடை எழுப்பலாம். கேட்டார், மாதிரிகளை வட்டாரக் கலைஞர்களிடம் கொடுத்து அனுப்பினார். அவர்கள் தந்த புகழ்பெற்ற கருத்துகளுள் ஒன்று, டெலிகாஸ்டரின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்பது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் முதுகு வளைத்துச் செதுக்கப்பட்டதற்கு அது ஒரு காரணம். வாசிப்பவரின் பங்கு விலா வலி, மற்றவை ரேடியோக்காரருடையவை.

அடுத்த சான்றுகள் பட்டறை மேசையில் குவிந்துகிடக்கின்றன. மின்கிதாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பி. அதற்குக் காது கிடையாது. காற்றின் அதிர்வை அது அறியாது. இரும்புத் தந்தி ஆடும்போது காந்தப்புலம் கலைவதை மட்டும் அறியும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைச் சுருளுக்கு 0.06 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பி ஏறத்தாழ 8,000 சுற்று வேண்டும். சுற்றி முடித்ததும் மல்டிமீட்டர் வைத்தால் 6,000 ஓம் பக்கம் காட்ட வேண்டும். காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. காட்டாவிட்டால் 8,000 சுற்றில் எங்கோ ஓரிடத்தில் கம்பி அறுந்திருக்கிறது, அந்த இடம் ஒருபோதும் கடைசிச் சுற்றாக இருப்பதில்லை. பிறகு ஒலியளவுக்கும் தொனிக்கும் பாட்கள், அதாவது குமிழைத் திருப்பினால் மாறும் மின்தடைகள். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500. மின்தடை கூடினால் கீச்சுக்குரல் கூடுதலாக நிற்கும். தொனி பாட்டில் ஒரு கெபாசிட்டர், 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட், குமிழைக் குறைக்கும்போது உச்ச அலைகளை எர்த்துக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. பழைய கெபாசிட்டர் ஒன்றுக்காகப் புதியதன் விலையைப்போல் பல மடங்கு கொடுப்பவர் இருக்கிறார்கள். குமிழ் 10இல் நிற்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம்; மேடையில் வாசிப்பவர் பலர் குமிழை 10இலேயே விட்டுவிடுகிறார்கள். ஆக, அந்தக் கெபாசிட்டர் உள்ளே இருப்பதன் இன்பம் முழுவதும் கட்டியவருக்கே உரியது. மூடியைத் திருகி மூடிய பிறகு அவரும் அதைப் பார்க்க முடியாது என்பது வேறு.

இனி, கட்டி முடித்த கிதாரின் முதல் ஒலி எது என்பதை ஆராய வேண்டும். தந்தியின் ஒலி அன்று. தந்தி பூட்டுவதற்கு முன்பே ஆம்பிளிஃபயரில் இணைத்து, ஸ்க்ரூடிரைவரின் இரும்பு நுனியால் பிக்கப்பின் தலையில் தட்டுவார்கள். டொக் என்று கேட்டால் இணைப்பு சரி. மூன்று பிக்கப்புக்கும் மூன்று டொக். சுவிட்சைத் திருப்பி மறுபடியும் டொக். அந்த டொக்கில் கட்டியவர் முகத்தில் தோன்றும் நிறைவு பிறகு எந்த இசையாலும் தோன்றுவதில்லை. தந்தி பூட்டிய பிறகும் காதுக்கு வேலை குறைவுதான். சுருதியை ட்யூனரின் முள் காட்டும்; பன்னிரண்டாம் மெட்டில் தந்தியின் உயரத்தை எஃகு அளவுகோல் சொல்லும், 1.6 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். பன்னிரண்டாம் மெட்டை அழுத்தி மீட்டினாலும் அழுத்தாமல் தொட்டு மீட்டினாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை பிரிட்ஜின் சிறு திருகாணிகளை முன்பின் நகர்த்தினால் வேலை முடிந்தது. இதில் எங்கும் ராகம் இல்லை, தாளம் இல்லை, விரல் பயிற்சி இல்லை.

அற்றேல், தந்தியைத் தொட்டால்தானே இரைச்சல் அடங்குகிறது, தொட ஒரு வாசிப்பவர் வேண்டுமே எனின்: இது ஆராயத்தக்க கடாவே. மின்கிதாரின் இரைச்சல் வீட்டு மின்சாரத்திலிருந்து வருகிறது. நம் ஊரில் நொடிக்கு 50 அலை, அமெரிக்காவில் 60. இதை ஒழிக்கவே கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். தந்தியின் ஒலி இரண்டிலும் கூடும், இரைச்சல் ஒன்றை ஒன்று விழுங்கும். காப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாக அந்தப் பிக்கப்பின் அடியில் ஒட்டிய சிறு தாளும், காப்புரிமை 1959இல் கிடைத்த பின் ஒட்டிய வேறொரு தாளில் பிக்கப்புக்குத் தொடர்பே இல்லாத, கிதார் கலைஞர் லெஸ் பாலின் பிரிட்ஜ் காப்புரிமை எண் இருந்ததும், இன்றுவரை அறிஞர் அவைகளில் பேசப்படுகின்றன. ஒற்றைச் சுருளில் இரைச்சல் இருக்கவே செய்கிறது. மனித உடல் அதை ஆண்டெனாபோல் பிடித்துச் சுருளுக்குக் கொடுக்கிறது. தந்தியைத் தொட்டால் பிரிட்ஜிலிருந்து போகும் எர்த் கம்பி வழியே உடலும் சுற்றோடு சேர்ந்துவிடுகிறது, இரைச்சல் தணிகிறது. ஆகவே கருவிக்கு ஒரு மனிதர் தேவை என்பது உண்மை. ஆனால் கை வைத்தால் போதும். வாசிக்கத் தெரிந்த கைதானா என்று மின்சாரம் கேட்பதில்லை.

வீணையை எடுத்துக்காட்டி மறுப்பவர் உண்டு. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிக்கும் கைவினைஞர் காதால் கேட்டுக் கேட்டே இடம் வைக்கிறார்; சுருதி ஞானம் இல்லாதவர் அந்த வேலைக்கு அருகே போக முடியாது. இதை மறுக்க வேண்டியதில்லை. வீணை இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே உள்ளது என்று கூறி நகர்கிறோம். மின்கிதாரின் மெட்டுகள் கணக்கால் அமைபவை. மீதமுள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில் விழும். 1581இல் கலீலியோவின் தந்தை வின்சென்சோ கலீலி இதற்கு 18 என்ற எண்ணைத் தந்திருந்தார். அவர் லூட் வாசிப்பவர். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் 648 மில்லிமீட்டர் நீளத்தில் அவர் கணக்குப்படி போனால் பன்னிரண்டாம் மெட்டு பாதிக்கு 2.4 மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். அழுத்தும்போது தந்தியின் சுருதி சற்றே ஏறும், அந்த ஏற்றத்தை இக்குறை ஈடுகட்டும் என்று அவருக்காக வாதாடுவார்கள். அப்படியானால் வாசிப்பவர் தவறினாலும் தமக்கு வசதியாகத் தவறுகிறார் என்று ஆகும். கட்டுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

முழு உறுதி தருவது மெருகேற்றும் வேலை. நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் கரைப்பான் ஆவியாகிக் காய்வது. ஒவ்வொரு பூச்சும் கீழ்ப்பூச்சைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். ஈரப்பதம் மிகுந்த நாளில் அடித்தால் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும் என்பதால் கடற்கரை ஊர்க்காரர் வானிலை அறிக்கையை மீனவரைப்போல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. கடைசிப் பூச்சுக்குப் பின் வாரக்கணக்கில் தொங்கவிட வேண்டும். பிறகு தண்ணீர் தொட்டு உப்புத்தாள், 800இல் தொடங்கி 2000 வரை. விளிம்பில் ஒரு தேய்ப்பு கூடினால் மரம் தெரிந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து. இவ்வளவுக்கும் பிறகு, கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கிதாரை அவர் என்ன செய்கிறார்? மறுபடியும் உப்புத்தாளை எடுத்து, வலக்கை முழங்கை உராயும் விளிம்பில் நிறம் போகும்வரை தேய்க்கிறார். கழுத்தின் பின்புறம் கட்டைவிரல் ஓடும் தடத்தில் லேக்கரைச் சுரண்டுகிறார். முதுகில் பெல்ட் பக்கிள் கீறியதுபோல் கீறுகிறார். அயர்லாந்தின் கிதார் கலைஞர் ரோரி கல்லாகர் தம் 1961ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பல பத்தாண்டுகள் வியர்க்க வியர்க்க வாசித்து வெற்று மரமாக்கினார். அவர் மறைந்த 1995ஆம் ஆண்டில்தான் ஃபெண்டர் நிறுவனம் புதுக் கிதாரைப் பழையதாக்கி விற்கும் ரெலிக் வகையை வெளியிட்டது. கல்லாகருக்கு ஒரு வாழ்நாள் பிடித்ததை வீட்டுப் பட்டறைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முடிக்கிறார். வாசிப்பின் தழும்புகளை வாசிக்காமலே உண்டாக்க முடியும் என்று நிரூபணமான பின், வாசிப்பை ஒரு தேவையற்ற இடைப்படியாகக் கருதுவதில் தவறு காண முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் சுவிட்சைப் பற்றியது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்பு. ஃபெண்டர் மூன்று நிலைச் சுவிட்ச் வைத்தார், நிலைக்கு ஒன்று, கணக்குச் சரி. வாசித்தவர்களோ சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே தொங்கவிட்டு இரண்டு பிக்கப்புகளை ஒருசேரக் கேட்டார்கள். அந்த ஒலி எல்லோருக்கும் பிடித்துப்போய், 1977இல் நிறுவனமே ஐந்து நிலைச் சுவிட்சுக்கு மாறியது. இங்கே கண்டுபிடித்தவர் வாசிப்பவர் அல்லவா எனின், அற்றன்று. அவர் கண்டுபிடிக்கவில்லை, ஒழுங்காக நிறுத்தவில்லை. கட்டுபவர் வகுத்த நிலைகளில் நிற்க மாட்டாத அலட்சியத்துக்கு இருபது ஆண்டுக்கும் மேல் கழித்துக் கிடைத்த அங்கீகாரம் அது.

கிதார் கலைஞர் எடி வான் ஹேலனையும் கொண்டுவருவார்கள். அவர் 50 டாலருக்கு உடலும் 80 டாலருக்குக் கழுத்தும் வாங்கி, கிப்சன் கிதார் ஒன்றின் பிக்கப்பைப் பிடுங்கி மாட்டி, தாமே கட்டிய கிதாரில் உலகை அசத்தினார். வாசிக்கத் தெரிந்தவர் கட்டினார் என்பது சரி. எப்படிக் கட்டினார் என்பதையும் பார்க்க வேண்டும். கழற்றியதைத் திரும்ப இணைக்கும் வழி தெரியாததால் ஒரே பிக்கப்பு, ஒரே பாட் என்று முடித்துக்கொண்டார். அந்தப் பாட் ஒலியளவுக்குரியது. அதன் தலையில் மாட்டிய குமிழில் டோன் என்று எழுதியிருந்தது. எந்தப் பொழுதுபோக்குக் கைவினைஞரும் அதைக் கண்டு உறக்கம் இழந்திருப்பார். வாசிப்பவர் குறைத்துக்கொண்டே போவார், கட்டுபவர் கூட்டிக்கொண்டே போவார் என்ற விதிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கடைசியாக நிற்பவர் கிதார் கலைஞர் பிரையன் மே. அவரைப் புறனடையில் வைப்பதைத் தவிர வழியில்லை. 1963இல், பதினாறு வயதில், தந்தை ஹரல்டுடன் சேர்ந்து கட்டத் தொடங்கினார். கழுத்து பழைய கணப்பு மேடையின் மகோகனி. அதிலிருந்த செல்லுத் துளையைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். தந்திகளைத் தளர்த்தி இழுக்கும் பொறிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள், அந்தப் பொறியின் கைப்பிடி நுனியில் பின்னல் ஊசியின் தலை, மெட்டுப்பலகையின் புள்ளிகளுக்குத் தாயின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு சுவிட்சாக மொத்தம் ஆறு சுவிட்சுகள்: கூட்டிக்கொண்டே போகும் உண்மையான கட்டுபவரின் கைவரிசை. ஆனாலும் அவருக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது, மிக நன்றாகவே. விளைவு என்ன? கிதார் சுமார் இரண்டு ஆண்டுகளில் முடிந்தது. 1970இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சூரியனைச் சுற்றியுள்ள தூசிப் படலத்தின் இயக்கம் பற்றி அவர் தொடங்கிய முனைவர் பட்ட ஆய்வேடு 2007இல்தான் முடிந்தது. இடைப்பட்ட காலம் பெரும்பாலும் அந்தக் கிதாரை வாசிப்பதிலேயே போயிற்று. அவருக்கு மட்டும் வாசிக்க வராமல் இருந்திருந்தால், அந்தத் தூசியின் திசைவேகங்கள் அறிவுலகுக்கு முப்பது ஆண்டுகள் முன்னதாகவே கிடைத்திருக்கும்.