எல்லாம் பதிவாகிவிட்டது, பிள்ளையைத் தவிர

பணிப்பாளர் அவர்கள்,
தனியார் தாதியர் கல்லூரி,
(பெயர் வேண்டாம், பெனரிலேயே போதுமான அளவு பெரிதாக இருக்கிறது)
பிரதான வீதி.

மதிப்புக்குரிய ஐயா,

நிந்தவூரில் இப்போது மின்கம்பத்துக்கு ஒரு நேர்ஸ் இருக்கிறார். காரைதீவுப் பக்கமிருந்து வந்தாலும் அட்டாளைச்சேனைப் பக்கமிருந்து வந்தாலும், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாகச் சிரித்து வரவேற்கிறார். முகத்தைப் பார்த்தால் ஐரோப்பாப் பக்கத்துப் பிள்ளை மாதிரித் தெரிகிறது. தலைக்கு மட்டும் கம்பியூட்டரில் ஒரு பர்தா வரைந்து ஒட்டியிருக்கிறீர்கள். எங்கள் மார்க்க உணர்வில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு ஊர் சார்பில் நன்றி.

விஷயம் இதுதான். என் தங்கையின் மகள் உயர்தரத்தில் பயோ செய்து மூன்று பாடமும் பாஸ். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டப்படிப்புக்கு இசட் புள்ளி கொஞ்சம் எட்டவில்லை. சுகாதார அமைச்சின் மூன்று வருடப் பயிற்சி இருக்கிறது; கிடைத்தால் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ படிக்கலாம், படிக்கும்போதே மாதப் படியும் உண்டு. ஆனால் அதற்குக் கெஸட் வரவேண்டும். வீட்டில் எல்லோரும் அதற்குப் பிறை பார்த்துக்கொண்டிருந்த வேளையில்தான் உங்கள் வரவேற்பறைத் தங்கை வட்ஸ்அப்பில் வந்தார். தாய்மாமன் என்ற முறையில் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

உங்கள் அலுவலகத்தில் எனக்கு முதலில் பிடித்தது குளிரூட்டி. அடுத்து, சுவரில் சட்டமிட்டு மாட்டிய மூன்று தாள்கள். ஒன்று வியாபாரப் பெயர்ப் பதிவு. கீழே கோழிக்கடைக்காரரும் அதே மாதிரி ஒன்று மாட்டியிருக்கிறார். அவர் ஆணியடித்தது கொஞ்சம் கோணல், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாவது, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் எடுத்தது. மூன்றாவது, மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு. 1990 இல் சட்டம் போட்டு உருவாக்கிய அந்த ஆணைக்குழு தையல், வெல்டிங், சமையல் சொல்லிக்கொடுக்கும் நிலையங்களையும் பதிவு செய்கிறது. நல்ல காரியம். “எல்லாமே ரெஜிஸ்டர்ட், சேர்” என்றார் வரவேற்பறைத் தங்கை. நான் கேட்டது பிள்ளையை எங்கே ரெஜிஸ்டர் பண்ணுவீர்கள் என்று. அவர் சேர்க்கைப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

இந்த நாட்டில் ஒருத்தி பதிவுபெற்ற தாதியா இல்லையா என்பது இலங்கைத் தாதியர் பேரவையின் பதிவேட்டில்தான் தெரியும். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பேரவைக்கானது. அதன் கடிதம் உங்கள் சுவரில் இல்லை. இடமில்லாமல் போயிருக்கலாம், நான்காவது ஆணியில் தாங்கள் ஒரு முன்னாள் அமைச்சரோடு நிற்கும் படம் தொங்குகிறது.

கையேட்டையும் வாசித்தேன். முதல் பக்கத்தில் ருபைதா அல் அஸ்லமிய்யாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் போட்டு, அகழ்ப் போரில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆதைப் பராமரித்த பெண்மணி. வாசிக்கும்போது நெஞ்சு நிறைந்தது. ஆனால் ஐயா, அந்தக் கூடாரத்தில் உண்மையான காயக்காரர்கள் படுத்திருந்தார்கள். உங்கள் மூன்றாம் மாடியில் படுத்திருப்பது ஒரு ரப்பர் பொம்மை. ஊசி குத்திக் குத்தி அதன் இடது கை சல்லடையாகியிருக்கிறது. பேஸ்புக்கில் அது இல்லாத படமே இல்லை.

நேர்சிங் பழக வார்ட் வேண்டும். மருத்துவ வார்ட், சத்திரசிகிச்சை வார்ட், பிரசவ அறை, பிள்ளைகள் வார்ட், மனநலப் பிரிவு, வீடு வீடாகப் போகும் பொதுச் சுகாதார வேலை. கல்முனையில் இரண்டு பெரிய அரச ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆதார வைத்தியசாலைகள். இவற்றில் எதற்குள் உங்கள் மாணவிகள் போகலாம், யார் அனுமதி தந்தது, எத்தனை மணித்தியாலம், எந்த மிஸ்ஸி பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவார் என்று கேட்டேன். “ஹொஸ்பிட்டல் விசிட் இருக்கு” என்றார்கள். நோயாளி பார்க்க நாங்களும் விசிட் போகிறோம்தான், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

சவூதி, கட்டார் பற்றியும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். இந்தக் கரைக்கு வளைகுடாவைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் உம்மாமார், சாச்சிமார் எத்தனை பேர் வீட்டு வேலைக்குப் போய் இங்கே கல்வீடு கட்டினார்கள். நேர்ஸ் வேலைக்கு அங்கே வேறு வாசல். சான்றிதழை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் கொடுத்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்க்கும். சொந்த நாட்டுப் பேரவையின் பதிவு கேட்பார்கள். பிறகு புரோமெட்ரிக் பரீட்சை. இங்கிலாந்து என்றால் ஆங்கிலப் பரீட்சை, கணினிப் பரீட்சை, அதன்பின் அங்கே போய்ச் செய்முறைப் பரீட்சை. பேரவைப் பதிவில்லாத பிள்ளையை இந்த வாசல்களில் நிறுத்தினால், உம்மாமார் போன அதே வேலைக்குத்தான் அவளும் போவாள். டிப்ளோமா மட்டும் பெட்டிக்குள் இருக்கும்.

பராமரிப்பாளர் வேலையை நான் தாழ்த்தவில்லை. முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் போடுவது பெரிய வேலை, அதற்கு என்.வி.கியூ சான்றிதழும் உண்டு, வெளிநாட்டில் கேள்வியும் உண்டு. அதை அந்தப் பெயரிலேயே, அந்த விலைக்கே விற்றுவிட்டுப் போகலாமே. ஓ.எல் பாஸில்லாதவர்களும் சேரலாம், ஒரு வருடத்தில் நேர்ஸ் ஆகலாம் என்று பெனரில் போட்டுவிட்டு, அரசாங்கம் ஏன் ஏ.எல் விஞ்ஞானம் பாஸான பிள்ளையை எடுத்தும் மூன்று வருடம் வைத்திருக்கிறது என்று தாங்கள் யோசித்ததுண்டா? அரசாங்கத்துக்கு மூளை மந்தம் என்பதும் ஒரு விளக்கம்தான்.

பட்டமளிப்பு விழா வீடியோவும் காட்டினார்கள். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, பிரதம அதிதி, பொன்னாடை. நாங்கள் விழா பார்த்த ஊர், ஐயா. 2013 இல் பக்கத்து ஒலுவிலில் துறைமுகம் திறந்தார்கள். கப்பல் வரும் வாய்க்குள் மணல் வந்து உட்கார்ந்தது. இந்தப் பக்கம் நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றது, தென்னைகள் வேரோடு போயின. மீன்பிடிக்காரர்கள் இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். திறப்பு விழா மட்டும் ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

ஆகவே சிறு விண்ணப்பம். உங்கள் கடிதத்தாளில், முத்திரையுடன், மூன்று வரி எழுதித் தாருங்கள்: இந்தப் படிப்பை முடித்தவர் தாதியர் பேரவையில் பதிவுபெறத் தகுதியானவர், முன்னர் முடித்தவர்களில் இத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள், பதிவு கிடைக்காவிட்டால் கட்டணம் திருப்பித் தரப்படும். இவை மூன்றும் வந்தால், பெரும்போக நெல் விற்றதும் மச்சான் முழுக் காசையும் ஒரே தடவையில் கட்டுவார். தவணை வேண்டாம்.

இப்படிக்கு,
மருமகளின் மாமா

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் வரவேற்பறைத் தங்கை மீண்டும் செய்தி அனுப்பியிருக்கிறார். இருபத்தைந்து வீதக் கழிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறதாம், பையும் குடையும் இலவசமாம். குடையைப் பற்றி யோசிக்கிறோம், மாரி வருகிறது. மற்றதற்குப் பேரவைக்கே எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் உங்களுக்கும் ஒரு போட்டோக் கொப்பி அனுப்புகிறேன். சட்டம் போடும் செலவு என்னுடையது.