மாடிக்கு மேலே வட்டமிடுவது யார்?

கேள்வி: பாலவாக்கத்தில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே தினமும் கழுகுகள் வட்டமிடுகின்றன. பிணந்தின்னிக் கழுகுகளா? சிறகே அசைக்காமல் எப்படிப் பறக்கின்றன?

பதில்: பயம் வேண்டாம், உங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை! வாலைப் பாருங்கள். நுனி பிளவுபட்டு, சுக்கான் போல இப்படியும் அப்படியும் திரும்பினால் கரும்பருந்து. வெள்ளைத் தலை, செங்காவி உடம்பு என்றால் செம்பருந்து. மயிலாப்பூர்ப் பாட்டிகள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன். வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்றில் ஏறி, வட்டமிட்டே உயரம் சேர்க்கிறார்கள். சிறகடிக்கும் செலவு மிச்சம். மாடியில் கருவாடு காய்ந்தால் மட்டும் மூடி வையுங்கள்.

நீங்கள் கேட்ட பிணந்தின்னியான பாறுக் கழுகுக்கும் இதே வித்தை தெரியும். ஆனால் சிறகு அகலம், வால் குட்டை. வெண்முதுகுப் பாறுவைப் பார்க்க மாயாறு பள்ளத்தாக்கு வரை போக வேண்டும். உங்களுக்குத் தெற்கே திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைப் பொங்கலுக்கு வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் இறுதியில் அந்த வருகையும் நின்றது. நாடெங்கும் பாறுகளை அழித்ததில் முதல் குற்றவாளி, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து. செத்த மாட்டைத் தின்ற பறவைக்குச் சிறுநீரகம் பழுதானது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99 போய்விட்டன.