நாலு பேருக்குப் பிடிக்கணுமே!

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் நாலாவது வீட்டில் அவர் இருப்பார். அடையாளத்துக்காகத் திருவாளர் தேறுமா என்று வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுபவர். பரம்பரை ஜனநாயகக் கட்சிக்காரர்.

ஜனாதிபதித் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாகக் கட்சிக்காரர்களையே கேட்பது அங்கே வழக்கம். 1972 முதல் நெடுங்காலம் அந்த விருந்தில் முதல் பந்தி அயோவாவுக்குத்தான் இருந்தது. மற்ற மாநிலங்கள் கை கழுவுவதற்குள் இவர்கள் பாயசம் வரை ருசி பார்த்துவிடுவார்கள். நாளைய ஜனாதிபதி, உங்கள் வீட்டு வரவேற்பறையில் நின்று நீங்கள் கொடுத்த ஆறிய காப்பியை "பிரமாதம்" என்று சொல்லிக் குடிக்கிற ஊர் உலகத்தில் வேறெங்கே இருக்கும்?

2019 ஆகஸ்டில் மாநிலப் பொருட்காட்சி. வெண்ணெயிலேயே செதுக்கிய முழு அளவுப் பசு ஒரு பக்கம். குச்சியில் குத்திய பன்றி இறைச்சியும் கையுமாக வேட்பாளர்கள் மறு பக்கம். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியில் மட்டும் இரண்டு டஜனுக்கு மேல். உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, வேட்பாளர் படம் ஒட்டிய கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்து, வருகிறவர் கையில் ஒரு சோளமணி கொடுத்தது. பிடித்தவர் ஜாடியில் போட வேண்டியதுதான்.

தேறுமா அரைமணி நேரம் நின்றார். விரல் எலிசபெத் வாரன் ஜாடிக்கு மேலே போகும். அங்கே சற்று நடுங்கும். மெல்ல நகர்ந்து ஜோ பைடன் ஜாடிக்கு வரும். பெருமூச்சு விட்டுத் திரும்பும். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் சோளமணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"யாருக்குப் போட்டீங்க?" என்றாள் மனைவி.

"அந்த அம்மாவைத்தான் எனக்குப் பிடிக்கும். எதைக் கேட்டாலும் கையில் ஒரு திட்டம் வச்சிருக்காங்க. ஆனா..."

"ஆனா?"

"தேறுமா?"

இந்த ஒரு சொல்லில்தான் அவர் காலம் ஓடுகிறது. தொலைக்காட்சிக்காரர்கள் இதையே 'எலக்டபிலிட்டி' என்று கோட்டுப் போட்டுவிட்டுச் சொல்வார்கள். நல்லவரா, வல்லவரா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். பொண்ணு பிடித்திருக்கிறதா என்று மாப்பிள்ளையைக் கேட்டால், "எனக்குப் பிடிச்சிருக்கு, நாலு பேர் என்ன சொல்வாங்களோ" என்று இழுக்கிற ரகம் அவர்.

அந்த நாலு பேர் யார் என்பதில் அவருக்குக் குழப்பமே கிடையாது. முதலாமவர், மில்வாக்கி புறநகரில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாய். இரண்டாமவர், மிச்சிகனில் கார்த் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர். மூன்றாமவர், பென்சில்வேனியாவில் இரும்பாலை மூடிய ஊரில் காலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர். இந்த மூவரையும் தேறுமா நேரில் பார்த்ததில்லை. பத்திரிகை நிருபர்கள் போய்ப் பேட்டி எடுத்து எழுதியதில் பழக்கம். நாலாமவரை மட்டும் தெரியும். விஸ்கான்சினில் இருக்கும் அவருடைய மச்சினன்.

அவர் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2016-இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க டிரம்பைவிடச் சுமார் 29 லட்சம் வாக்கு அதிகம் வாங்கினார், மாநிலவாரிக் கணக்கில் தோற்றார். மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய 78,000 வாக்கில் ஆட்சி கைமாறியது. அன்றிலிருந்து அந்த 78,000 பேரும் தேறுமாவின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கொல்லைப்புறக் கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்றாலும் அவர்களைக் கேட்காமல் முடிவில்லை.

இந்த வியாதி அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை. 2019-இல் ஒரு கணிப்பில் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களிடம் யாருக்கு ஓட்டு என்று கேட்டபோது பைடன் முன்னால் நின்றார். உங்கள் கையில் ஒரு மந்திரக்கோல் இருக்கிறது, தேர்தலே இல்லாமல் யாரை ஜனாதிபதி ஆக்குவீர்கள் என்று கேட்டபோது வாரன் முன்னால் வந்தார். மந்திரக்கோல் கையில் இருந்தால்தான் மனசில் இருப்பதைச் சொல்வார்கள் போலிருக்கிறது.

தேறுமாவிடம் ஒரு பழைய கணக்கு நோட்டு உண்டு. யார் தேறினார், யார் தேறவில்லை என்பதற்கான பேரேடு. அதைப் புரட்டினால் நமக்குத் தலை சுற்றும், அவருக்குச் சுற்றாது.

1960: கத்தோலிக்கரான கென்னடி தேறமாட்டார் என்றார்கள். அவர், பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள் வாழும் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போய் அங்கேயே ஜெயித்துக் காட்டினார். "விதிவிலக்கு" என்று எழுதியிருக்கிறார் தேறுமா.

1980: ரீகன் தீவிரப் போக்குள்ளவர், தேறமாட்டார் என்று அவர் கட்சியின் முன்னாள் ஜனாதிபதி ஃபோர்டே சொன்னார். ரீகன் 44 மாநிலங்களை வாரிக்கொண்டு போனார். "எதிராளி பலவீனம்."

2004: இதுதான் தேறுமாவின் பொற்காலம். அயோவாவில் ஹோவர்ட் டீன் பேச்சைக் கேட்டுச் சொக்கிப்போனவர், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டத்தன்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ஜான் கெர்ரியின் பக்கம் போய் நின்றார். டீனைக் காதலித்துக் கெர்ரியைக் கட்டிக்கொண்டதாகக் காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு பெருமையாகத் திரிந்த காலம் அது. காரணம்? கெர்ரி வியட்நாம் போரில் பதக்கம் வாங்கியவர். பதக்கத்தை யார் குறை சொல்ல முடியும்? எதிர்த்தரப்பு அதையும் விடவில்லை. அந்தப் பதக்கத்தைத்தான் பிடித்து உலுக்கியது. கெர்ரி தோற்றார். இந்தப் பக்கத்தில் காப்பிக் கறை படிந்திருக்கிறது, எழுத்துத் தெரியவில்லை.

2008: நோட்டிலேயே விசித்திரமான பக்கம் இதுதான். அந்த ஜனவரியில் தேறுமா நெஞ்சு சொன்னபடி ஒபாமா பக்கம் நின்றார். ஒபாமா அயோவாவில் ஜெயித்தார், நாட்டையும் ஜெயித்தார். எப்படி அன்றைக்கு மட்டும் துணிந்தீர்கள் என்று கேட்டால், "கடுமையான ஜலதோஷம். சரியா யோசிக்க முடியல" என்பார்.

அவர் எழுதத் தவறிய செய்தி ஒன்று உண்டு. அதற்கு முன்பு தென் கரோலினாவில் கறுப்பின வாக்காளர் பலருக்கு ஒபாமாவைப் பிடித்திருந்தும் ஒரு தயக்கம் இருந்தது: 'நாம் போடுவோம். வெள்ளைக்காரன் போடுவானா?' வெள்ளையர்களே நிறைந்த அயோவா போட்டதும் அந்தத் தயக்கம் கரைந்தது. அவர்கள் நினைத்துப் பயந்த அந்த வெள்ளைக்காரன் வேறு யாருமில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற நம் தேறுமாதான். அவரும் யாருக்கோ 'நாலு பேர்'!

2020 பிப்ரவரி 3. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடம். அன்றைய அயோவா ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பெட்டிக்குள் சீட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அல்ல. ஊரறிய, பிடித்த வேட்பாளருக்கான மூலையில் போய் நிற்க வேண்டியிருந்தது. வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை தேறாத மூலை. அங்கே நின்றவர்கள் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். சேர்ந்த மூலைக்காரர்களுக்கு அந்த ஆண்டு முதல் புது விதி: நின்றது நின்றதுதான், மாற முடியாது.

தேறுமா பைடன் மூலையில் நின்றார். முகத்தில் பெண் வீட்டாருக்காகச் சிரிக்கிற மாப்பிள்ளைத் தோழன் களை. எதிர் மூலையில் வாரன் அணி. அங்கே எல்லாரும் பாட்டும் கைதட்டலுமாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று குதித்தது அவருடைய மனைவி.

வந்தவர்கள் 280. தேற வேண்டிய எண்ணிக்கை 42. பைடன் மூலை தேறிவிட்டது. வாரன் மூலையை எண்ணினார்கள். திரும்ப எண்ணினார்கள். நாற்பத்தொன்று.

கூடம் அமைதியானது. மனைவி மெல்லத் திரும்பி, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் தேறுமா பல பார்வைகளைப் பார்த்தவர், இது புதுசு. கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. "சார், நீங்க தேறின மூலை. நகரக் கூடாது" என்று தொண்டர் ஒருவர் மரியாதையாகத் தோளைப் பிடித்துக்கொண்டார். தேறாமல் கலைந்த மற்றவர்கள் அதற்குள் இன்னொரு வேட்பாளரான பீட் புட்டிஜெஜ் பக்கம் மொத்தமாகச் சாய்ந்திருந்தார்கள். நாற்பத்திரண்டாவது ஆள் வரவே இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காரில் ஹீட்டர் சத்தம் மட்டும். முடிவாவது வந்து காப்பாற்றும் என்று பார்த்தால், கணக்கு அனுப்ப வேண்டிய செயலி படுத்துவிட்டது. முழுக் கணக்கு வரச் சில நாள் ஆயிற்று. வந்தபோது மாநிலத்தில் வாரன் மூன்றாமிடம், தேறுவார் என்று தேறுமா நம்பிய பைடன் நாலாமிடம்.

முடிவு வந்த அன்றிரவு விஸ்கான்சினிலிருந்து மச்சினன் பேசினார்.

"மச்சான், எனக்கு அந்த வாரன் அம்மா மேலதான் ஒரு கண்ணு."

தேறுமாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அப்ப உங்க ஊரில் வரும்போது போடலாமே?"

"போடலாம். ஆனா நீங்களே அந்த அம்மா பக்கம் நிக்கலைன்னு தெரிஞ்சுபோச்சே. உங்களுக்கே பிடிக்காதவங்க எங்கே தேறப்போறாங்க? நானும் பைடனுக்குத்தான்."

நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். தென் கரோலினா கைகொடுத்து, பைடன் எழுந்து, நவம்பரில் ஜெயித்தார். விஸ்கான்சினில் வித்தியாசம் ஏறக்குறைய 20,000 வாக்கு. தேறுமா நோட்டை எடுத்துச் சிவப்பு மையில் "நான் அப்பவே சொன்னேன்" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். வாரன் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனைவி கேட்டதற்கு, அதற்கு நோட்டில் பக்கம் இல்லை என்றார். பழைய சட்டைப்பையிலிருந்து துவைக்கும்போது விழுந்த சோளமணியை அவள் சமையலறை ஜன்னலோரம் எடுத்து வைத்திருக்கிறாள்.

அதே 2020 நவம்பரில் அயோவா டிரம்ப் பக்கம் போயிருந்தது. 2023 பிப்ரவரியில் கட்சியின் தேசியக் குழு கூடி, அயோவாவை மேலும் கீழும் பார்த்து, இந்த ஊர் நாட்டைப் பிரதிபலிக்கவில்லை என்று முதல் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது. அந்த இலை தென் கரோலினாவுக்குப் போயிற்று. அரை நூற்றாண்டாக எல்லாரையும் தேறுமா தேறுமா என்று நிறுத்துப் பார்த்த ஊர், தானே தேறவில்லை.

"உங்களுக்குக் கோபமே வரலையா?" என்றாள் மனைவி.

தேறுமா நெற்றியில் இருந்த கண்ணாடியை மேஜையடியில் தேடிக்கொண்டே சொன்னார்:

"எனக்கு வருத்தம்தான். ஆனா பென்சில்வேனியாக்காரனுக்கு இது பிடிச்சிருக்கும்."